புளி போட்டுக் கழுவுன சுறாப்பல்லு

உனக்கு வேற சோலியே இல்லையா கண்ணு? பெங்களூருல இருந்து வந்து ரெண்டு நாளாகலை, பெட்டியில இருந்து துணியைக் கூட எடுத்து வெக்கலை, அதுக்குள்ள அந்தக் கருப்புப் பல்லு ஏன் நுனியில்லாம மொட்டையா இருக்குதுன்னு கேக்கற. டிவிக்குப் பக்கத்துல எத்தனை சாமான் இருக்குது. உங்க கல்யாண போட்டோ இருக்குது, பழனி பஞ்சாமிருத டப்பா இருக்குது, ஓடாத கடியாரம் இருக்குது. அதையெல்லாம் கேட்டியா? மாமியாகாரி செஞ்ச தப்பு எந்த மூலையில கெடக்குதுன்னு மோப்பம் புடிச்சு நேரா அங்க போய் நிக்கற. போலீசு வேலைக்குப் போயிருக்க வேண்டிய மருமக, கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கறா.

செரி, உக்காரு. அந்த சின்ன வெங்காயத்தை இப்படி நகத்து, உரிச்சுக்கிட்டே சொல்றேன். நடுவுல அப்புறம் அப்புறம்னு அவசரப்படுத்தாத. என்ற படிப்பு மூணாப்பு. அதுலயும் பாதி நாளு பருத்திக் காட்டுலதான் இருந்தேன். எனக்கு எப்படி வருதோ அப்படித்தான் சொல்ல வரும்.

உன்ற மாமனாரு ரயில்வேயில பிட்டரா இருந்தவரு. வேலைக்குப் போன காலம் முச்சூடும் கையில இரும்பு. ரிட்டயர்டு ஆனதும் கை சும்மா கெடந்துது. வெறுங்கை அவருக்கு ஒத்துக்கலை. சாப்புட்டு முடிச்சதும் டம்ளரை உருட்டுவாரு, கதவுத் தாப்பாளைக் கழட்டி மறுக்கா மாட்டுவாரு. அப்பத்தான் உன்ற ஊட்டுக்காரன் அப்பனுக்கு ஒரு போனு வாங்கிக் குடுத்தான். அதுல ஒரு நாளு ஒரு படம் வந்துது. எந்த நாடோ தெரியலை, டீத்தண்ணியாட்ட ஒரு ஆறு. அதுக்கடியில ஒருத்தன் லைட்டை வெச்சுக்கிட்டு மண்ணைத் தடவறான். தடவித் தடவி ஒரு கருப்புக் கல்லைத் தூக்கறான். கல்லு இல்லையாம் அது. சுறாவோட பல்லாம். மனுசன்னு ஒருத்தன் உண்டாகறதுக்கு முந்தி கடல்ல திரிஞ்ச சுறாவாம். ஒரு டவுன் பஸ்ஸு, அதுக்குப் பொறத்தால ஒரு மினி பஸ்ஸு, ரெண்டையும் ஒட்டுக்கா நிறுத்துனா எவ்வளவோ அவ்வளவு நீளமாம்.

அந்தப் படத்தைப் பார்த்த நாள்ல இருந்து மனுசன் இந்த ஊருல இல்லை. சோறு போட்டா சாப்புடுவாரு, கூப்புட்டா ‘ம்’ம்பாரு. ஆனா ஆளு தண்ணிக்கடியில இருந்தாரு.

எத்தனையோ மாசம் யார் யாருகிட்டயோ பேசி ஒரு பல்லை வரவழைச்சுப் போட்டாரு. என்ன வெலைன்னு என்னையக் கேக்காத. அவரு சொல்லலை, நானும் கேக்கலை, அதனாலதான் இந்த ஊட்டுல இன்னும் சோறு வேகுது.

பெட்டியைப் பிரிச்சு, பஞ்சைப் பிரிச்சு, உள்ள பார்த்தா உள்ளங்கை நெறைய ஒரு கருப்பு. வெத்தலையாட்ட மேல அகலம், கீழ கூராக் கூமாச்சி. தோசைக்கல்லு பழகப் பழக ஒரு மினுமினுப்பான கருப்பு வருமே, அந்தக் கருப்பு. நான் ஓரத்துல கட்டைவெரலை வெச்சு மெதுவா ஓட்டிப் பார்த்தேன். சொரசொரன்னு பல்லுக்குள்ள பல்லு. பல்லடத்துப் பக்கம் அடுத்தவங்க காட்டுல சோளத்தட்டு அறுத்து வளந்த கையி இது. பல்லு வெச்ச கருக்கருவா வெரலை எப்படிக் கடிக்கும்னு இந்தக் கைக்குத் தெரியும்.

“ஏனுங்க, இது அருவாளுங்க”ன்னேன்.

“பல்லு புள்ள.”

“பல்லுதானுங்க. அந்த மீனுக்கு இதுதான அருவா?”

அவரு சிரிக்கலை. அந்தப் பல்லு விசயத்துல அவருக்குச் சிரிப்பு வராது. நானும் உட்டனா? “ஏனுங்க, இத்தனை பெரிய சுறாவுல புட்டு பண்ணிப் போட்டா போத்தனூருல இருக்கற புள்ளை பெத்த பொம்பளைக அத்தனை பேருக்கும் ஊத்தா பால் ஊறுமுங்களே”ன்னு கேட்டேன். எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு.

ஆனா பாரு கண்ணு, மத்தியான நேரத்துல, அவரு அசந்த சமயம், நானும் அதை எடுத்து மடியில வெச்சுக்குவேன். எத்தனை வெய்யக் காலத்துலயும் அது சில்லுனு இருக்கும். கையில புடிச்சா கனமும் ஒரு மாதிரி நல்ல கனம், தூங்கற கொழந்தையோட தலையாட்ட. கரண்டு போயிருக்கும். பேன் நின்ன பொறகு ஒரு அமைதி வருமில்ல, அதுல சாஞ்சு கண்ணை மூடுனா, ஜங்சன் பக்கம் கூட்ஸ் வண்டி பொட்டிகளை ஒண்ணோட ஒண்ணு மோத உடற சத்தம் எங்கயோ ஆழத்துல இருந்து கேக்கும். தென்னை மட்டை அசையறது தண்ணிக்குள்ள பாசி அசையறாப்புல இருக்கும். நம்ம ஊட்டு மேல, தண்ணித் தொட்டிக்கும் மேல, சூரியனை மறைச்சுக்கிட்டு ஒரு பெரிய வவுறு சத்தமில்லாமப் போகும். முன்னால மூஞ்சி வந்து, நடு ஒடம்பு போய், கடைசி வாலு போறதுக்குள்ள நான் அரைத் தூக்கம் தூங்கி எந்திரிச்சிருவேன். எனக்குப் பயமே இருக்காது. நான் கூலிக்குப் போன காட்டுக்காரரு வரப்புல வந்து நின்னா இருக்கற பயம் கூட அதுகிட்ட இருந்ததில்லை.

ஒரு நாளு உன்ற மாமனாரு நான் அப்படிப் படுத்திருக்கறதைப் பார்த்துப்போட்டாரு. வையலை. பக்கத்துல உக்காந்தாரு.

“அதுக்கு எலும்பே இல்லை புள்ள. காது மடலு இருக்குதல்ல, அதாட்டத்தான் ஒடம்புக்குள்ள எல்லாம். செத்தா கரைஞ்சு போயிரும். பல்லு மட்டும்தான் மிச்சம். அந்தப் பல்லை வெச்சுத்தான் அப்படி ஒரு மீனு இருந்துதுன்னே தெரியும்”னாரு.

நான் என்ற காதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

“ஒரு பல்லு உழுந்தா பின்னாலயே இன்னொண்ணு வந்துரும். சாகற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். உழுந்த பல்லெல்லாம் கடலுக்கடியில.”

நம்ம கொழந்தைக பல்லு உழுந்தா சாணியில உருட்டிக் கூரை மேல வீசுவோம். அது தண்ணிக்கடியிலயே வீசிக்கிட்டுப் போயிருக்குது, யாராச்சும் எடுத்து வெச்சுக்கங்கன்னு. எனக்கு நெம்பப் பொறாமை. என்ற வாயில மிச்சம் இருக்கறதை எண்ண ஒரு கையே போதும். அதுலயும் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. பல்லு டாக்டரு சிமெண்டு வெச்சு அடைச்சு உட்டாரு. ஒரு நாளு ஆசைப்பட்டுக் கடலை உருண்டை கடிச்சேன், பொத்துனு பேந்து கையில வந்துருச்சு. கோலமாவைத் தண்ணி தொட்டு உருட்டுனாப்புல வெள்ளையா, உதுரு உதுரா. இந்த வெள்ளையை நெனப்புல வெச்சுக்க, பொறகு வருது.

இதுக்கு நடுவுல அவருக்குப் போனுலயே ஒரு கூட்டம் சேர்ந்துது. எல்லாம் பல்லுக் கிறுக்கு. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு வெச்சுக்கிட்டு, காத்தால எந்திரிச்சதும் அதைப் படம் புடிச்சு அனுப்பிக்குவாங்க. அந்தந்தப் பல்லு கெடந்த மண்ணைப் பொறுத்து அதுக்கு நெறமாம். ஒண்ணு தேனாட்ட, ஒண்ணு ஈயமாட்ட, ஒண்ணு பழைய ஓட்டுச் சில்லாட்ட. இவரு அதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாப்பாரு. மகனுக்குப் பொண்ணு தேடறப்ப வந்த உன்ற போட்டோவைக் கூட அத்தனை கவனமாப் பார்க்கலை.

எல்லாரும் ஒருக்கா நேருல பார்த்துக்கலாம்னு முடிவாச்சு. காந்திபுரத்துல ஒரு லாட்ஜ் ரூமு. ஆயுத பூசை முடிஞ்சு வார ஞாயித்துக்கெழமை. கேரளாவுல இருந்து ஒரு பெரியவரு வாராராம், அவரு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா எந்தப் பல்லு நெசம், எந்தப் பல்லு ஒட்டு வேலைன்னு சொல்லிப்போடுவாராம். ஒடஞ்ச பல்லுக்கு ஒட்டுப்போட்டு, நெறம் பூசி, முழுப்பல்லுன்னு தலையில கட்டறவங்க ஏகமா இருக்காங்களாம். இந்தக் கூட்டத்துல ஒடசல் இல்லாத முழுப்பல்லு உன்ற மாமனாருகிட்ட மட்டும்தான்னு பேச்சு.

“அந்தப் பெரியவரு கையில வாங்கி, ஆமா முழுசுதான்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும் புள்ள”ன்னாரு.

அந்த ஒரு வார்த்தை அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியும். பிட்டரு வேலை அப்படி. வண்டி நல்லா ஓடுனா டிரைவரு நல்லா ஓட்டுனாரும்பாங்க. நின்னு போனாத்தான் பிட்டரைத் தேடுவாங்க. ரிட்டயர்டு ஆன அன்னைக்கு ஒரு மாலை போட்டாங்க, கூட்டத்துல அவரு பேரையே தப்பா வாசிச்சாங்க. ஊட்டுக்கு வந்து மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டுப் படுத்துக்கிட்டாரு.

இப்ப என்ற தப்புக்கு வாரேன். வெங்காயத்துக்குக் கண்ணு கலங்குதா, எனக்காகக் கலங்குதா? செரி செரி.

ஆயுத பூசைக்கு இந்த ஊட்டுல ஒண்ணையும் உடறதில்லைன்னு உனக்குத் தெரியும். அவரோட ஸ்பேனரு, சுத்தி, என்ற அருவாமணை, தையல் மிசினு, மொபெட்டு, எல்லாத்தையும் கழுவித் தொடச்சுச் சந்தனம் குங்குமம் வெச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். அவரு பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைவீதிக்குப் போயிட்டாரு. நான் ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலியில பித்தளைப் போசியில புளியைக் கரைச்சு, கல்லுப்பு போட்டு, வெளக்கு, மணி, தூபக்கால் எல்லாத்தையும் ஊறப் போட்டேன். போட்டுட்டு நிமுந்தா ஜன்னல் வழியா அந்தப் பல்லு தெரியுது. சுத்தியலுக்குப் பூசை உண்டு, சொரண்டிக்குக் கூடப் பூசை உண்டு. அத்தனை பெரிய மீனு காலமெல்லாம் வெச்சுப் பொழைச்ச ஆயுதத்துக்கு ஒரு பொட்டு கூட இல்லையேன்னு எனக்குப் பாவமாப் போச்சு. அவருக்கும் சந்தோசமா இருக்கும்னு தோணுச்சு. எடுத்துட்டு வந்து வெளக்கோட வெளக்கா அதையும் புளித் தண்ணிக்குள்ள போட்டுப்போட்டேன்.

சித்த நேரம் ஊற உட்டு, தேங்கா நாரை வெச்சுத் தேச்சேன். கருப்பாத் தண்ணி வந்துது. எத்தனை காலத்து அழுக்கோன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன். இந்தக் கை தேச்சு வெளுக்காத சாமானே கெடையாது. தேய்க்கத் தேய்க்கக் கூமாச்சி நொழுக்குனு கையோட வந்துருச்சு.

பார்த்தா வெள்ளை. கோலமாவை உருட்டுனாப்புல உதுரு உதுரா.

மீனும் பல்லு டாக்டருகிட்டப் போயிருக்குதுன்னு ஒரு நிமிசம் நெசமாலுமே நெனச்சேன் கண்ணு. தண்ணிக்கடியில ஒரு நாற்காலி, அதுல அது வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்குது, டாக்டரு கைவெளக்கோட அது வாய்க்குள்ளயே நடந்து போறாரு. அப்படியே தெரிஞ்சுது. பொறகுதான் நெசம் ஒறைச்சுது. இது மீனுக்கு வெச்ச சிமெண்டு இல்லை. எவனோ ஒருத்தன் ஒடஞ்ச பல்லுக்கு நுனி செஞ்சு, கருப்புப் பெயிண்டு அடிச்சு, என்ற ஊட்டுக்காரரு தலையில கட்டியிருக்கான். அவரு ஞாயித்துக்கெழமை அதைக் கொண்டு போய் முழுப்பல்லுன்னு நீட்டப் போறாரு.

சொல்லியிருக்கோணும். அப்பவே சொல்லியிருக்கோணும். ஆனா கடைவீதியில இருந்து மொபெட்டு சத்தம் இப்பவா அப்பவான்னு வந்துரும். நான் என்ன பண்ணினேன்? வெளக்குக் கரியைச் சொரண்டி, வெளக்கெண்ணெயில கொழச்சு, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பிசைஞ்சு, ஒரு கூமாச்சி புடிச்சு ஒட்டிப்போட்டேன். கொழுக்கட்டை புடிக்கற கை. அதுக்கு மேல கட்டிச் சந்தனம், நடுவுல குங்குமம். உதுந்த வெள்ளைத் தூளைக் குப்பையில போட மனசு வரலை. என்ன இருந்தாலும் பல்லு சம்பந்தப்பட்டது. காலண்டர் தாள்ல மடிச்சுச் சுருக்குப் பையில வெச்சுக்கிட்டேன்.

அவரு வந்தாரு. பூசை மேடையில ஸ்பேனருக்கும் சுத்திக்கும் நடுவுல பல்லு பொட்டு வெச்சு உக்காந்திருந்துது.

“நீயா வெச்ச?”ன்னாரு.

“வேற யாருங்க, அந்த மீனா வந்து வெச்சுது?”

சூடம் காட்டறப்பப் பல்லுக்கு மட்டும் ரெண்டு சுத்துக் கூடச் சுத்துனாரு. எல்லாம் முடிஞ்சு பொரி அள்ளிக் குடுக்கறப்ப மெதுவா, “நீ இதைக் கிண்டல் பண்றன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் புள்ள”ன்னாரு.

அதுக்கு மேல எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.

பூசையில வெச்ச பொட்டை அவரு தொடைக்க மாட்டாரு. மொபெட்டுக்கு வெச்ச சந்தனம் தானாக் காஞ்சு உதுந்தாத்தான் உண்டு. அதனால பல்லையும் தொடலை. ஞாயித்துக்கெழமை வரைக்கும் நான் நடந்த நடை தூக்கத்துல நடந்த நடை. சாம்பாருக்குப் புளியை எடுத்துக் கரைக்காமயே திருப்பி வெச்சுருவேன். ஏனுங்கன்னு ஆரம்பிப்பேன். அவரு நிமுந்து பாப்பாரு. அந்த மூஞ்சியில இருக்கற வெளிச்சத்தைப் பார்த்துட்டு, “உப்பு போதுமுங்களா?”ன்னு கேட்டுப்போடுவேன்.

ஞாயித்துக்கெழமை காத்தால அவரு அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கிட்டு, பொட்டோடயே பல்லை மெத்துனு துணியில சுத்தி, வேலைக்குக் கொண்டு போன டிபன் பாக்சுல வெச்சாரு.

“நானும் வாரனுங்க”ன்னேன்.

“நீயா? அங்க ஆம்பளைகளா இருப்பாங்க.”

“பல்லு பார்க்கத்தானுங்க வாரேன்.”

அவருக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். கருநீலப் பட்டுச் சேலையைக் கட்டுன்னு சொன்னாரு. போத்தனூருல இருந்து பஸ்ஸுல டிபன் பாக்சை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். கண்டக்டரு, “என்னங்கய்யா, அம்மா கட்டிக் குடுத்த சோறுங்களா?”ன்னாரு. ஆமாங்கன்னேன். நான் ஒட்டுன கோதுமை மாவு அதுக்குள்ளதான இருக்குது.

லாட்ஜ் ரூமுல ஒரு அஞ்சாறு பேரு. கட்டில் மேல வெள்ளை வேட்டியை விரிச்சு, ஆளாளுக்கு அவங்க பல்லை எடுத்து வெக்கறாங்க. ஒருத்தரு சாக்ஸுக்குள்ள இருந்து எடுக்கறாரு, ஒருத்தரு கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்து. ஒருத்தர் கையில இருந்து ஒருத்தரு பச்சைக் கொழந்தையை வாங்கறாப்புல ரெண்டு கையிலயும் வாங்கறாங்க. வெளிய பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம், ரூமுக்குள்ள குசுகுசுன்னு பேச்சு. கட்டில் மேல இருந்த பல்லுகளைப் பார்த்தா அந்த வேட்டிக்கடியில ஒரு மீனு வாயைத் தெறந்து படுத்திருக்கறாப்புலயே இருந்துது.

பல்லடத்துல இருந்து வந்த ஒருத்தரு எனக்கு நாற்காலி போட்டாரு. “வாங்கக்கா. நீங்களும் பல்லு சேக்கறீங்களா?”

“நான் சேத்துனதெல்லாம் உழுந்துருச்சுங்க தம்பி. நீங்க என்ன பண்றீங்க?”

“கோழிப் பண்ணைங்கக்கா.”

“கோழிப் பண்ணைக்காரருக்குப் பல்லு எதுக்குங்க?”

“கோழிக்குப் பல்லு இல்லீங்களே. அந்தக் கொறை தீரத்தான்.” சிரிச்சுட்டு, பொறகு சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டாரு. “ஷெட்டுக்குள்ள போனா அத்தனை கோழியும் ஒட்டுக்காக் கத்துமுங்கக்கா. சட்டைப் பையில இதை வெச்சுப் புடிச்சுக்குவேன். முழுகுனாப்புல ஆயிருமுங்க. ஒரு சத்தம் கேக்காது.”

எனக்கு அந்த ஆளைப் புடிச்சுப் போச்சு.

கேரளாப் பெரியவரு ஜன்னலோரம் உக்காந்திருந்தாரு. ஒல்லியா, வெள்ளைத் தாடி, கழுத்துல கயித்துல பூதக்கண்ணாடி. ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்தாரு. கடைசியா உன்ற மாமனாரு டிபன் பாக்சைத் தெறந்தாரு. எல்லாரும் சுத்தி வந்து நின்னாங்க.

“பூசையில வெச்சதுங்க”ன்னாரு இவரு, பொட்டைக் காட்டி.

“நல்லது. தொடைக்கட்டே?”ன்னு கேட்டாரு பெரியவரு. கேட்டாரு பாரு, அந்த மரியாதை. இவரு தலையாட்டுனாரு. பெரியவரு சந்தனத்தை மெதுவா எடுத்தாரு. எடுத்த கை நின்னு போச்சு. வெரலைப் பார்த்தாரு, கருப்பு. மோந்து பார்த்தாரு.

“இது ஆவணக்கெண்ணெய் அல்லே?”

வெளக்கெண்ணெயைத்தான் அவங்க அப்படிச் சொல்லுவாங்க. நுனியை லேசா அமுத்துனாரு. என்ற கொழுக்கட்டை நசுங்கி அவரு கையில ஒட்டிக்கிச்சு.

பின்னால இருந்து ஒருத்தரு, “பூசிக் கொண்டாந்தா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”ன்னாரு.

“பூச்சா?”ன்னாரு உன்ற மாமனாரு. “நான் ஒண்ணும் பூசலைங்களே.” அவரு காது ரெண்டும் செவந்து போச்சு. யாரு மூஞ்சியையும் பார்க்காம டிபன் பாக்ஸ் மூடியைத் திருகறாரு, திருகறாரு, அது திருகற மூடியே இல்லை. வாழ்நாள்ல ஒரு நட்டு கூடத் தப்பா மாட்டாத மனுசன் கண்ணு. அந்தக் கூட்டத்துல திருடனாட்ட நின்னாரு.

நான் எந்திரிச்சேன். எந்திரிக்கறதுக்கு இந்த முழங்காலு எத்தனை நேரம் எடுக்கும்னு உனக்குத் தெரியும். அன்னைக்குத் தண்ணிக்குள்ள இருந்து மேல வாராப்புல லேசா வந்துருச்சு.

“அவரைச் சொல்லாதீங்க. பூசுனது நான்தானுங்க”ன்னேன்.

எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். புளி, தேங்கா நாரு, வெளக்குக் கரி, கோதுமை மாவு. என்ற கடைவாய்ப் பல்லையும் சேர்த்துச் சொன்னேன். சுருக்குப் பையில இருந்து காலண்டர் தாளை எடுத்து வேட்டி மேல பிரிச்சு வெச்சேன். “இது நான் வெச்சதில்லீங்க. இது அதுலயே இருந்துது. அவருக்கு இப்ப இந்த நிமிசம்தான் தெரியும்.”

கோழிப் பண்ணைத் தம்பி ஒரு துண்டை எடுத்து நகத்துல கீறிப் பார்த்தாரு. “பட்டிங்க இது. காரு டிங்கரிங்ல பள்ளத்துக்கு வெக்கற பட்டி. பெயிண்டு கூட ஒட்டிக்கிட்டு இருக்குது பாருங்க. வித்தவன் வேலை.” பூசிக் கொண்டாந்தான்னு சொன்ன ஆளு வந்து இவருக்குத் தண்ணி பாட்டிலை நீட்டுனாரு.

உன்ற மாமனாரு என்னையப் பார்க்கலை. பட்டித் தூளையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அவரோட முழுப்பல்லு அந்தத் தாள்ல உதுந்து கெடந்துது.

பெரியவரு பல்லைக் கொண்டு போய்ப் பாத்ரூம் பைப்புல கழுவுனாரு. தொடச்சு, ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, பூதக்கண்ணாடியை வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. ஒடஞ்ச எடத்துல வெரலை வெச்சுத் தடவுனாரு. அப்புறம் என்ற கையைப் புடிச்சு, என்ற வெரலை அங்க வெச்சாரு.

“கூர்மை உண்டோ அம்மா?”

இல்லை. ஒடஞ்ச ஓடு கையைக் கிழிக்குமல்ல? இது வழவழன்னு இருந்துது. ஓரஞ்சாரம் தேஞ்ச அம்மிக் கல்லாட்ட.

“இது மண்ணுல ஒடஞ்சது போலத் தோணலை. வாய்ல இருக்கும்போதே ஒடஞ்சது. எதையோ கடிச்சு. ஒரு திமிங்கலத்தோட எலும்பா இருக்கலாம். அதுக்குப் பின்னாலயும் கொஞ்ச நாள் இதை வெச்சே தின்னிருக்கு.”

“ஆத்து மண்ணு உருட்டுனாலும் இப்படித் தேயுமுங்களே”ன்னு ஒருத்தரு சொன்னாரு. ரெண்டு பேரும் சித்த நேரம் வாதாடுனாங்க. பெரியவரு கடைசியா, “எனக்கு உறுதியாத் தெரியாது. என் கையில இருந்தா நான் இதை அடைக்க மாட்டேன்”னு சொல்லிப் பல்லைத் திருப்பிக் குடுத்தாரு.

முழுசுன்னு அவரு சொல்லலை. சொல்ல முடியாது. உன்ற மாமனாரு ரெண்டு கையாலயும் வாங்குனாரு. கட்டைவெரலை மொட்டை நுனியில வெச்சு ஓட்டுனாரு, ஸ்பேனரு புடிச்சுப் புடிச்சுத் தடிச்சுப் போன வெரலு. அப்புறம் அத்தனை பேரையும் நிமுந்து பார்த்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு.

“என்ற சம்சாரம் கழுவுனதுங்க. சுத்தமாக் கழுவியிருக்கா.”

கோழிப் பண்ணைத் தம்பிதான் முதல்ல சிரிச்சது. டீ வந்துது, பஜ்ஜி வந்துது. அதுக்குப் பொறகு நாங்க கெளம்பற வரைக்கும் ஒவ்வொருத்தரா வந்து அந்த மொட்டை நுனியில வெரலை வெச்சுப் பார்த்துட்டுப் போனாங்க. சாக்ஸுக்காரரு மட்டும் மூணு தடவை.

திரும்பி வாரப்ப பஸ்ஸுல டிபன் பாக்சு அவரு மடியில. டவுன்ஹாலு போச்சு, உக்கடம் வந்துது. வெய்யில் சாஞ்சுக்கிட்டு இருந்துது. கொளம் முச்சூடும் ஒரே தகடா வெளிச்சம். அது நடுவுல கருப்பா ஒரு முக்கோணம் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு மெதுவாப் போச்சு. நாரையோ, மெதந்த மட்டையோ, நான் உத்துப் பார்க்கலை. பார்த்தா வெறும் நாரையாயிருமில்ல.

அவரு டிபன் பாக்சைத் தெறந்து பல்லை எடுத்து என்ற உள்ளங்கையில வெச்சாரு. என்ற வெரலை மடக்கி மூடி உட்டாரு.

“எதைக் கடிச்சிருக்கும் புள்ள?”ன்னாரு.

“கடலை உருண்டையாத்தான் இருக்குமுங்க.”

சிரிச்சாரு கண்ணு. பஸ்ஸே திரும்பிப் பார்க்கறாப்புல சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, “மூணு நாளா உப்புப் போதுமா உப்புப் போதுமான்னு கேட்டியே, அப்பவே எனக்கு என்னமோன்னு இருந்துது”ன்னாரு.

எங்க ஸ்டாப்புல எறங்குனா, பைப்படியில நம்ம தெருப் பொம்பளைக அத்தனை பேரும் கொடத்தோட நிக்கறாங்க. பட்டுச் சேலையைப் பார்த்துட்டாங்க, உடுவாங்களா?

“ஏனுங்கக்கா, ரெண்டு பேரும் சோடி போட்டுக்கிட்டு எங்கீங்க போயிட்டு வாரீங்க? ஒறம்பரை ஊட்டு விசேசமுங்களா?”

“விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பல்லு விசயமாப் போனோம். அடைச்சிருந்த பட்டி பேந்து போச்சு, பெரிய ஆளுகிட்டக் காட்டிட்டு வாரோம்”னேன்.

“யாருக்குங்கக்கா, உங்களுக்கா அண்ணனுக்கா?”

“எங்க ரெண்டு பேரை விட எங்க ஊட்டுல வயசுல மூத்தது ஒண்ணு இருக்குதுங்க, அதுக்கு.”

“என்னங்க சொன்னாங்க?”

“அப்படியே உட்டுருங்க, அடைக்க வேண்டாம், நல்லாக் கடிச்ச பல்லுன்னு சொன்னாங்க”ன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அவங்க இன்னைக்கு வரைக்கும் உன்ற மாமனாருக்கு யாரோ வயசான அத்தை ஒருத்தி உள்ரூமுல படுத்திருக்கறதா நெனச்சுக்கிட்டு, எப்பப் பார்த்தாலும் அத்தை இப்பக் கெட்டியானதெல்லாம் சாப்புடறாங்களான்னு கேக்கறாங்க. சாப்புடறாங்க, திமிங்கலம்னா மட்டும் கொஞ்சம் சிரமமுங்கறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.